அமுங்கும் டெக்கும் அசையாத படகும்: பாய்மரப் படகு கேள்வி–பதில்

கே: 22 அடி நீளப் பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறோம். அடிப்பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மேலே, டெக்கில், பாய்மரத்துக்குப் பக்கத்தில் மிதித்தால் லேசாக அமுங்குகிறது. ‘பழைய படகு அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

ப: அப்படி இருக்கக் கூடாது. ஃபைபர் படகின் டெக் பெரும்பாலும் ஒரே கனமான தகடாக இருப்பதில்லை. மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே ஒன்று, நடுவில் பால்சா மரம் அல்லது பிளைவுட். மூன்றும் ஒட்டியிருக்கும் வரைதான் விறைப்பு. டெக்கில் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டும் அந்த நடு மரத்தைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. துளையைச் சுற்றிப் பூசிய சீலன்ட் காய்ந்து விட்டுப்போனால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியேற வழி கிடையாது, மரம் ஊறி அழுகிவிடும். படகு வாங்கப் போகிறவர்கள் அடிப்பகுதியையே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். படகைக் கெடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் மேலேயிருந்து வருகிறது.

ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் பிடியால் நாலு விரல் இடைவெளியில் டெக் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கேட்கும், அழுகிய இடம் ‘தொப்’பென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்திலெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கைப்பிடிக் கம்பிகளின் அடி, கயிறு கட்டும் கிளீட், பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பிகளின் பட்டைகள் டெக்கைத் துளைக்கும் இடம் ஆகியவற்றை முதலில் தட்டுங்கள். பிறகு கேபினுக்குள் இறங்கி, அதே இடங்களுக்கு நேர் கீழே பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கெட்டது உள்ளங்கை அகலம் என்றால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். மேல் தோலை வெட்டி எடுத்து, ஈர மரத்தைச் சுரண்டி, நன்றாக உலர்த்தி, புது மரம் வைத்து எபாக்சியால் ஒட்டி மூட வேண்டும். துளை போட்டு எபாக்சியை ஊசியால் ஏற்றினால் போதும் என்பார்கள். ஈர மரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது, நம்பாதீர்கள். பாய்மரத்தின் அடி ஊன்றியிருக்கும் இடமே அமுங்கினால் விட்டுவிடுங்கள். கம்பிகள் எல்லாம் இழுக்கும் இழுப்பு அந்த ஒரு இடத்தில்தான் இறங்குகிறது. முதல் படகில் செய்து பழகுகிற வேலை இல்லை அது.

வாங்கிய பிறகு எந்த போல்ட்டைக் கழற்றினாலும் அப்படியே திருப்பி மாட்டாதீர்கள். 6 மி.மீ. போல்ட் என்றால் துளையை 12 மி.மீ.க்குப் பெரிதாக்கி, கெட்டி எபாக்சியால் நிரப்பி, அது இறுகியதும் நடுவில் 6 மி.மீ. துளை போடுங்கள். அதற்குப் பிறகு சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

கே: பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் கம்பிகள் பளபளவென்று இருக்கின்றன. மாற்றத்தான் வேண்டுமா?

ப: பளபளப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். அது நிலைக்கக் காற்று வேண்டும். கம்பியின் நுனியை இறுக்கிப் பிடித்திருக்கும் குழலுக்குள் காற்று போகாது, உப்புத் தண்ணீர் மட்டும் தேங்கும். அதனால் அரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. பூதக்கண்ணாடி வைத்து அந்தக் குழலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பருத்தித் துணியால் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழ்வரை உருவுங்கள் (வெறும் கையால் வேண்டாம், கிழித்துவிடும்). துணி ஓர் இடத்தில் மாட்டினால் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி போக வேண்டியதுதான். வயது தெரியாத கம்பி என்றால் மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது. 10 முதல் 15 ஆண்டுதான் அதற்குப் பொதுவான கணக்கு.

கே: நாங்கள் இருவருமே புதியவர்கள். காற்றை எதிர்த்துத் திருப்பும்போது படகு நடுவிலேயே நின்று, பாய் படபடவென்று அடிக்கிறது. சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையவில்லை. என்ன செய்வது?

ப: காற்று வரும் திசைக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் பெரும்பாலான பாய்ப்படகுகள் ஓடாது. அந்தப் பகுதியை, வந்த வேகத்திலேயே தாண்டிவிட வேண்டும். வேகம் இல்லாமல் திருப்பினாலோ, சுக்கான் பிடியை ஒரேயடியாக ஓரம்வரை தள்ளினாலோ நடுவில் நின்றுவிடும். முழுக்கத் திரும்பிய சுக்கான் படகைத் திருப்புவதைவிட பிரேக் போலத்தான் வேலை செய்கிறது.

மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். படகு மெதுவாகப் பின்னோக்கி நகரத் தொடங்கும், அதையே பயன்படுத்துங்கள். பூமையும் (பெரிய பாயின் அடியோரத்தைப் பிடித்திருக்கும் கட்டை) சுக்கான் பிடியையும் ஒரே பக்கம், உதாரணமாக இரண்டையும் இடப்பக்கம், தள்ளிப் பிடியுங்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, இடப்பக்கம் விலகும். கூட இருப்பவர் முன்பாயை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தால் இன்னும் சீக்கிரம் விலகும். காற்று வலப்பக்கத் தோளில் படும் அளவு திரும்பியதும் சுக்கானை நடுவில் வைத்து, முன்பாயை இடப்பக்கம் மாற்றி, பாய்க் கயிறுகளை இழுங்கள், ஓடத் தொடங்கிவிடும்.

கே: எவ்வளவு காற்றில் பாயைச் சுருக்க வேண்டும்?

ப: ‘சுருக்கலாமா?’ என்று முதன்முதலில் தோன்றும்போதே சுருக்கிவிடுங்கள். காற்றின் வேகம் 10 நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) என்பதிலிருந்து 14 ஆனால், பாயின் மேல் விழும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. முதல் சில நாட்கள் 10 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 18 கி.மீ.க்கு மேல், காற்று இருந்தால் கிளம்பவே வேண்டாம்.

வரிசை முக்கியம்: பெரிய பாயின் கயிற்றைத் தளர்த்தி, பாயை இறக்கி, முன்னோரத்து வளையத்தைக் கொக்கியில் மாட்டி, பாயை மறுபடி விறைப்பாக ஏற்றி, கடைசியாகப் பின்னோரத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். நடுவில் தொங்கும் சிறு கயிறுகள் மிச்சத் துணியைச் சுருட்டிக் கட்ட மட்டுமே. அவற்றை இறுக்கினால் துளைகளில் பாய் கிழியும். இதைக் கரையில் கட்டியிருக்கும்போதே பத்துத் தடவை செய்து பழகுங்கள்.

கே: நங்கூரக் கயிறு எவ்வளவு நீளம் விட வேண்டும்?

ப: கடல் தரையிலிருந்து அணியம் வரையுள்ள உயரத்தைப் போல ஏழு மடங்கு. ஆனால் ஆழத்தை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் வழக்கமான தவறு. 3 மீட்டர் ஆழம், தண்ணீரிலிருந்து அணியத்தின் உயரம் 1 மீட்டர் என்றால் 28 மீட்டர் விட வேண்டும். கடல் ஏற்றத்தில் நீர் இன்னும் 2 மீட்டர் உயரும் இடமானால் 42. கயிறு தரையோடு படுத்து இழுத்தால்தான் நங்கூரம் மண்ணில் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். கயிற்றின் உள்முனை படகில் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கே: அவுட்போர்டு எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிட்டது. ஓட்டலாமா?

ப: உடனே அணையுங்கள். பீய்ச்சும் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். பூச்சியோ உப்போ அடைத்திருக்கலாம். கீழே தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) போயிருக்கும். புதியதை மாட்டும் முன், பழையதில் இறக்கை எதுவும் குறைகிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் அந்தத் துண்டு குளிர்விக்கும் பாதைக்குள் எங்கோ அடைத்திருக்கிறது. அதையும் எடுக்காவிட்டால் எஞ்சின் மறுபடியும் சூடாகும்.