மோஜியும் மோஜிகோவும் ஒன்றல்ல: ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்

கேள்வி: குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம், தங்குவது ஃபுகுவோகாவில். மோஜிகோவின் பழைய ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்பது ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவின் ஆசை. ஏஜென்ட் ‘மோஜி’ ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ராத்திரிக்கு அறை போட்டிருக்கிறார். “ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார். ஆளுக்கொரு ஏழு நாள் ரயில் பாஸும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே ஐந்தரை கிலோமீட்டர். அறையை இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

குழப்பம் பழையது. 1891-ல் திறந்தபோது துறைமுகத்து நிலையத்தின் பெயர்தான் மோஜி. இன்றுள்ள மரக் கட்டடம் 1914-ல் வந்தது. அப்போது ஹோன்ஷு தீவுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கிப் படகு ஏறுவார்கள். 1942-ல் கடலடிச் சுரங்கம் வந்தது. அதன் வாய் இந்தப் பக்கம் இல்லை, தைரி என்ற வேறொரு நிலையத்துப் பக்கம். ஆகவே தைரிக்கு மோஜி என்ற பெயரைக் கொடுத்து, பழைய மோஜியை மோஜிகோ ஆக்கினார்கள். ஓட்டல் முகவரியில் நிலையத்தின் பெயரை ஜப்பானிய எழுத்தில் பாருங்கள்: மோஜிக்கு இரண்டு எழுத்து, மோஜிகோவுக்கு மூன்று.

அடுத்து பாஸ். நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. ஃபுகுவோகாவிலிருந்து மோஜிகோ போய்வர அது வேண்டவே வேண்டாம். பாஸ் விற்றால் கமிஷன் வரும் என்பதற்காகவே தலையில் கட்டுகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். உங்கள் பயணத் திட்டத்தைப் பார்க்காமலே பாஸ் வாங்கச் சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

“அப்படியென்றால் கியூஷு பாஸ் போதும்” என்று அடுத்து சொல்வார் (ஃபுகுவோகாவும் மோஜிகோவும் இருக்கும் தீவுதான் கியூஷு). இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபுகுவோகாவில் நீங்கள் ஏறப்போகும் ஹகாட்டா நிலையத்திலிருந்து மோஜிகோவுக்கு ரயில் மாற வேண்டிய கொகுராவுக்கு ஷின்கான்சென் (புல்லட் ரயில்) இருபது நிமிடத்துக்குள் போய்விடும். ஆனால் அந்தப் பாதை மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனத்துடையது, ஆகவே கியூஷு பாஸ் அதில் செல்லாது. இரண்டு நிலையங்களும் கியூஷு தீவிலேயே இருக்கின்றன, இருந்தும் செல்லாது! அதே ஹகாட்டாவிலிருந்து தெற்கே போகும் ஷின்கான்செனில் தீவு முழுவதற்குமான கியூஷு பாஸ் செல்லும், வடக்கே கொகுராவுக்குச் செல்லாது. கியூஷு பாஸ் வைத்திருப்பவர் சாதாரணப் பாதையில் ஓடும் சோனிக் போன்ற விரைவு ரயிலில்தான் போக வேண்டும், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். 1987-ல் தேசிய ரயில்வேயைக் கூறுபோட்டவர்களின் எல்லைக்கோடு இது. இத்தனை ஆண்டுகளாகியும் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க யாருக்கும் மனமில்லை. வெளியூர்க்காரர் அபராதம் கட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பேசாமல் நிலையத்திலேயே தனி டிக்கெட் எடுங்கள்.

அப்பா பார்க்க நிறைய இருக்கிறது. ஜப்பானில் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்ற தகுதி பெற்ற முதல் ரயில் நிலையக் கட்டடம் இது, 1988-ல். 2012-ல் தொடங்கிய சீரமைப்பு 2019-ல்தான் முழுதாக முடிந்தது. ககோஷிமா பிரதானப் பாதை இங்கே தொடங்குவதால், தண்டவாளம் முட்டி நிற்கும் இடத்தையும் பூஜ்ய கிலோமீட்டர் அடையாளத்தையும் காட்டுங்கள். போர்க்காலத்தில் ஊரெங்கும் உலோகம் பிடுங்கியபோது தப்பிய வெண்கலக் கைகழுவும் தொட்டி உள்ளேயே இருக்கிறது.

கொகுராவிலிருந்து மோஜிகோவுக்கு உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம். பலகையில் ‘மோஜிகோ’ என்று பார்த்து ஏறுங்கள். ஷிமொனோசெகி ரயிலில் ஏறினால் மோஜியோடு திரும்பிக் கடலுக்கடியில் அக்கரைக்குப் போய்விடும்.