ஏரிக் களிமண்ணில் ரோடமின் ஒளிராமல் போவது ஏன்?

தம்பி, பாலக்கோடு ஏரிக் களிமண்ணில் ரோடமின் 6ஜி என்ற ஒளிரும் சாயத்தைக் கலந்தீர்கள், தண்ணீரில் மஞ்சள்பச்சையாக மின்னிய சாயம் மண்ணோடு சேர்ந்ததும் புற ஊதா டார்ச்சில் மங்கிச் சிவந்து அணைந்துவிட்டது, சாயம் போலியா என்று கேட்டிருந்தீர்கள். சாயத்தின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை, மண்தான் காரணம்.

நம்ம ஊர் செம்மண் கலந்த களிமண்ணில் இரும்பு நிறைய, அது ஒளிர்வை விழுங்கிவிடும். அடுத்தது சாயத்தின் அளவு. களிமண்ணில் உள்ள நுண்ணிய தகடுகளின் மேல் எதிர் மின்னூட்டம், சாயத்துக்கு நேர் மின்னூட்டம், அதனால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சமாக இருந்தால் மூலக்கூறுகள் தனித்தனியாக நின்று ஒளிரும், அதிகமானால் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி நிற்கும், அப்போது நிறம் சிவப்புப் பக்கம் நகரும் அல்லது ஒரேயடியாக அணைந்துபோகும். நீங்கள் பார்த்த நிறமாற்றம் அதுதான், ப்ராஜெக்டுக்கு அதையே தலைப்பாக வைக்கலாம்!

லேபோனைட் என்ற செயற்கைக் களிமண் வாங்குங்கள், இரும்புத் தொல்லை இல்லை, தண்ணீரில் கண்ணாடி மாதிரி தெளியும். 1 கிராமுக்கு அரை மில்லிகிராம் சாயத்தில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரே தூரத்தில் டார்ச் வைத்துப் படம் எடுங்கள். போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டாம், தருமபுரித் தண்ணீரின் கடினத்தன்மைக்குக் களிமண் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும், நானே ஒரு வாரம் வீணடித்தேன். காய்ச்சி வடித்த நீர்தான். அப்புறம் கையுறை போடுங்கள்; 2024 இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது இதன் அண்ணனான ரோடமின் பி என்ற நச்சுச் சாயத்தால்தான்.