போலீஸ் பயிற்சியில் இருக்கும் 19 வயதுப் பையனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டாமா?

கேட்டவர் சொல்லும் விவரம் இது: தங்கை மகன் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகிப் பயிற்சியில் இருக்கிறான். வயது 19. 21 முடியாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கும்போது இவன் கையில் ரைபிள் கொடுப்பது எப்படி? கூடவே, லீவில் வந்தவன் பையில் ஒரு காலித் தோட்டா இருந்ததாம்.

நான் சென்னையில் போலீஸ் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருடம் பெல் ஆஃப் ஆர்ம்ஸில், அதாவது ஆயுதக் கிடங்கில். சட்டப் புத்தகம் படித்ததைவிட ரெஜிஸ்டர் எழுதியதுதான் அதிகம்.

நீங்கள் படித்தது தப்பில்லை. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு லைசென்ஸ் கேட்கிறது, 9ஆம் பிரிவு 21 வயது கேட்கிறது. ஆனால் கடைசிப் பக்கங்கள் வரை புரட்டினால் 45ஆம் பிரிவு வரும். 'இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் கீழ்க்கண்டவற்றுக்குப் பொருந்தாது' என்கிற மாதிரி தொடங்கும். அந்தப் பட்டியலில் அரசு ஊழியர் தன் கடமையின்போது ஆயுதம் வைத்திருப்பதும் ஒன்று. எதுவுமே பொருந்தாது என்றால் லைசென்ஸும் கிடையாது, 21 வயதும் கிடையாது. நியமன ஆணை வாங்கி, சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிவிட்ட பையன் அரசு ஊழியன்தான். பயிற்சிதான் அவனுடைய அன்றாட வேலை. என்சிசி பிள்ளைகள் கேம்பில் பாயிண்ட் டூ டூ ரைபிள் சுடுகிறார்களே, அவர்களுக்கும் இதே பிரிவில் இடம் இருக்கிறது.

இதில் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற சொல் 'கடமையின்போது'. விலக்கு வேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. காலையில் பட் நம்பர் (ரைபிள் கட்டையில் இருக்கும் எண்) எழுதிக் கையெழுத்துப் போட்டு ரைபிள் வாங்குகிறான், மாலையில் துடைத்துத் திருப்பித் தருகிறான். அந்த இடைவெளிக்குள்தான் 45ஆம் பிரிவு அவனோடு இருக்கிறது. காக்கிச்சட்டையே லைசென்ஸ் என்று நினைக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் ரெக்ரூட்டாக இருந்தபோது நடந்தது. ஃபயரிங் முடிந்து காலிக் கேஸ், அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, எண்ணினால் ஒன்று குறைகிறது. 303 ரைபிள் சுட்டுத் தோள்பட்டை கன்றிப்போய்க் கிடக்கிறோம், எப்போது சாப்பாடு என்று இருக்கிறது. ஸ்குவாடு முழுவதையும் வரிசையாகக் குனிய வைத்துப் புல்லைத் தடவச் சொன்னார் வாத்தியார். இருட்டும்வரை தேடினோம். கடைசியில் அது எங்களில் ஒருவனுடைய பூட்ஸுக்குள் இருந்தது. ஊரில் தம்பிக்குக் காட்டுவதற்காம். அவன் வாங்கியதை இங்கே எழுத முடியாது. அடுத்த பத்து நாள் எங்களுக்கும் கூடுதல் ஓட்டம்.

அன்று அவரைத் திட்டினேன். கிடங்குக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஒரு காலிக் கேஸ் குறைந்தால், சுட்டது தொலைந்ததா, சுடாத ரவுண்டு (முழுத் தோட்டா) வெளியே போய்விட்டதா என்று எவன் சொல்வது? சட்டத்தில் தோட்டா என்பதன் வரையறைக்குள் அதன் பாகங்களும் வருகின்றன. அதனால் 'வெறும் பித்தளைதானே' என்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பையனை நாளைக்கே அதை எடுத்துப் போய் வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளட்டும். சுடாத ரவுண்டாக இருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் ஸ்கேனரில் மாட்டினால் கதையே வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம். பையில் இருந்தது தெரியாது என்று நிரூபித்துத் தப்பியவர்கள் உண்டு. தானே எடுத்து வந்தவன் அதைச் சொல்ல முடியாதே.

இன்னொன்று. ஆயுதச் சட்டம்தான் விலகி நிற்கும், மற்ற எந்தச் சட்டமும் விலகாது. 2021 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் பாதுகாப்புப் படையினர் பயிற்சித் தளத்தில் சுட்ட குண்டு ஒன்று, வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. சில நாளில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. சுட்டவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லைதான். அதற்காகக் கேள்வி கேட்காமல் விட முடியுமா?

கோச்சிங் சென்டரில் போலீஸ் வேலைக்குத் தயாராகிற பிள்ளைகளுக்கு இந்த விலக்கு கிடையாது. அவர்கள் இன்னும் அரசு ஊழியர் இல்லை. அங்கே ஏர்கன் வைத்துக் காட்டினாலும் 20 ஜூல் சக்தியைத் தாண்டினால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

அப்புறம், பையன் நாளைக்கு எஸ்.ஐ. ஆகிச் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்க ஆசைப்பட்டால், சென்னையில் எல்லாரையும் போலக் கமிஷனர் அலுவலகத்தில்தான் மனுப் போட வேண்டும். நான் ஓய்வு பெற்ற அன்று கிடங்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தேன். வீட்டில் இருப்பது ஒரு லத்திதான், அதுவும் மாடியில் காய்கிற வடகத்துக்குக் காக்கா விரட்ட.