எழுத்து வராவிட்டாலும் பி1 எடுக்கலாம்: ஜேர்மன் மொழிச் சோதனை, கேள்வி-பதில்

இந்த முறை முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். இந்த விபரம் தெரியாமல், கதைக்கத் தெரிந்த எத்தனையோ பேர் சோதனைக்கே போகாமல் இருக்கிறார்கள். ஏ1, ஏ2, பி1 என்பவை மொழியறிவின் படிகள்: ஏ1 ஆரம்பம், ஏ2 அதற்கு அடுத்தது, பி1 அதற்கும் மேல்.

எனக்கு 52 வயது. இருபது வருடமாகக் கிளீனிங் வேலை செய்கிறேன். டொச் (ஜேர்மன் மொழி) கதைப்பேன், கடிதம் வந்தால் வாசித்து விளங்கிக்கொள்வேன். எழுதத்தான் வராது. ஜேர்மன் குடியுரிமைக்கு பி1 கேட்கிறார்கள். நான் சோதனை எடுத்துப் பிரயோசனம் இருக்கிறதா, அக்கா?

கட்டாயம் எடுங்கள். உங்களுக்குப் பொருத்தமானது டி.டி.செட் (DTZ) என்கிற, குடிவந்தவர்களுக்கான சோதனை. இன்டெக்ராசியோன்ஸ்கூர்ஸ் என்கிற, குடிவந்தவர்களுக்கான மொழி வகுப்பின் முடிவில் எல்லோரும் எடுப்பது இதைத்தான். கேட்டல் 25 நிமிடம், வாசிப்பு 45, எழுத்து 30, கதைத்தல் ஏறக்குறைய 16. கேட்டலையும் வாசிப்பையும் ஒரே பகுதியாகச் சேர்த்துப் புள்ளி போடுவார்கள். அதில் 45 கேள்விகளுக்கு 33 சரியாக இருந்தால் அந்தப் பகுதியில் பி1.

இனித்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது வருகிறது. மொத்தத்தில் பி1 கிடைக்க, கதைத்தலில் பி1 எடுத்தே ஆகவேண்டும். மற்ற இரண்டு பகுதிகளில் ஏதாவது ஒன்றில் எடுத்தால் போதும். எழுத்தில் ஏ2 வந்தாலும், கேட்டல்-வாசிப்பில் பி1 இருந்தால் சான்றிதழ் பி1தான். ஜேர்மன் மொழி படிப்பிக்கிற கோதே நிறுவனத்தின் பி1 இப்படி இல்லை. அங்கே நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எடுக்கலாம் என்பது அதில் உள்ள வசதி. உங்கள் நிலையில் நான் டி.டி.செட்டைத்தான் சொல்வேன். வகுப்புக்குப் போகாமல் வெளியாளாக எடுக்க இடம் உண்டா என்று பக்கத்து ஃபொல்க்ஸ்ஹோக்சூலவில் (வளர்ந்தோர் கல்வி நிலையத்தில்) விசாரியுங்கள்.

எழுத்துக்காகப் பயந்து பயந்து நாளைக் கழிக்காமல் கதைத்தலுக்கு நேரம் கொடுங்கள். பெரும்பாலும் இன்னொருவரோடு சோடியாகத்தான் விடுவார்கள். முதலில் உங்களை அறிமுகம் செய்யவேண்டும். அடுத்து ஒரு படத்தைக் காட்டுவார்கள். சந்தையில் ஒரு பெண் மரக்கறி வாங்குகிற படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விவரித்துவிட்டு, உங்கள் ஊரில் சந்தை எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். மூன்றாவதாக, இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது திட்டமிடவேண்டும், உதாரணத்துக்கு ஒரு பிறந்தநாள் விழா. எங்கள் ஆட்கள் அறிமுகத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், இந்த மூன்றாவதில் வாயடைத்துப் போகிறார்கள். "இஹ் ஷ்லாகே ஃபோர்", அதாவது "நான் ஒன்று சொல்கிறேன்". "வாஸ் மைனன் ஸீ?", அதாவது "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" இந்த இரண்டும் நாக்கில் நின்றால் உரையாடல் ஓடும். வேலையிடத்தில் ஒருவரோடு தினமும் பத்து நிமிடம் இப்படிக் கதைத்துப் பாருங்கள்.

அதற்காக எழுத்துத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு தலைப்பில் ஒன்றைத் தெரிவு செய்யலாம், நான்கு குறிப்புகள் தந்திருப்பார்கள். குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிறிய வசனம் எழுதினாலே புள்ளி சேரும்.

"வைல்" ("ஏனென்றால்") வந்தால் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று எப்போதும் குழம்புகிறேன்.

தமிழ் பேசுகிறவருக்கு இது சுகமான இடம், தெரியுமா? "வைல் மைன் கிண்ட் கிராங்க் இஸ்ட்" என்பதை அப்படியே பாருங்கள்: என் பிள்ளை சுகமில்லாமல் இருப்பதால். எங்கள் வசனத்தைப் போலவே வினை கடைசியில் போய் நிற்கிறது. ஆங்கிலத்தை நடுவில் வைத்து யோசிப்பதால்தான் குழப்பம். தமிழில் நினைத்து நேராக டொச்சுக்கு வாருங்கள்.

நாங்கள் உண்மையில் விழுகிற இடம் எண்களும் நேரமும். நாங்கள் இருபத்தொன்று என்போம், அவர்கள் ஒன்றும் இருபதும் என்பார்கள். கேட்டல் பகுதியில் தொலைபேசி எண் வரும்போது 53 கேட்டு 35 எழுதிவிடுவோம். நேரத்தில் "ஹால்ப் ஆக்ட்" (சொல்லுக்குச் சொல் "அரை எட்டு") என்றால் எட்டரை இல்லை, ஏழரை. ஸ்டேஷனில் நிற்கும்போது அறிவிப்பைக் கேட்டு நேரத்தைக் கைபேசியில் எழுதிப் பாருங்கள்.

மகன் இங்கேதான் ஹௌப்ட்சூல (இடைநிலைப் பள்ளி) முடித்தான். அவனுக்கும் பி1 சான்றிதழ் வேண்டுமா?

வேண்டாம். ஹௌப்ட்சூல முடித்த சான்றிதழே போதும். இங்கே டொச் மொழியில் தொழிற்பயிற்சியோ பல்கலைக்கழகப் பட்டமோ முடித்தவர்களுக்கும் அப்படித்தான்.

என் அம்மாவுக்கு 74 வயது, ஞாபக மறதி. அவருக்கும் சோதனையா?

நோயாலோ இயலாமையாலோ முதுமையாலோ மொழி படிக்க முடியாதவர்களுக்குக் குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. வைத்தியர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அந்த நோயால் ஏன் படிக்க முடியாது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

சோதனை எழுதாமலே பி1 சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

அந்தப் பக்கமே போகவேண்டாம். ஏமாற்றி எடுத்த குடியுரிமையை 10 வருடத்துக்குள் திரும்பப் பெற முடியும். இத்தனை வருடம் உழைத்துக் கட்டிய வாழ்க்கையை ஒரு காகிதத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

குடியுரிமைக்கு எடுக்கவேண்டிய 33 கேள்விச் சோதனை கஷ்டமா?

இல்லை. 310 கேள்விகளும் வெளிப்படையாகவே இருக்கின்றன. உங்களுக்கு வருவது பொதுவான 300இலிருந்தும் உங்கள் மாநிலத்துக்குரிய 10இலிருந்தும்தான். 17 சரியானால் தேர்ச்சி. நாளுக்குப் பத்து என்று ஒரு மாதம் பாருங்கள்.

மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். இங்கே வர ஏ1 எடுக்கவேண்டும். எப்படித் தயாராவது?

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். நீல அட்டை (படித்துத் தகுதி பெற்ற வெளிநாட்டு வேலையாட்களுக்கான விசா) வைத்திருப்பவரின் துணைக்கு ஏ1 தேவையில்லை. மற்றபடி கொழும்பு கோதே நிறுவனத்தில் எடுக்கலாம், மொத்தம் 100க்கு 60 வேண்டும். எழுத்தில் ஒரு படிவம் நிரப்பி, முப்பது சொல்லளவில் சிறு கடிதம் எழுதவேண்டும். கதைத்தலில் பெயரையோ ஊரையோ எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். இங்கேதான் நீளமான எங்கள் பெயர்கள் காலை வாரும். ஆங்கிலத்து ஜே இங்கே யொட், வை இங்கே உப்ஸிலோன், வி இங்கே ஃபௌ, டபிள்யூ இங்கே வே. யாழ்ப்பாணத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறபடி சொல்ல வேண்டுமென்றால் முதல் எழுத்தே யொட். நீங்கள் இரவில் தொலைபேசியில் கதைக்கும்போது, அவரை ஒருமுறை எழுத்துக்கூட்டச் சொல்லி, நீங்கள் இங்கே எழுதிப் பாருங்கள்.