வேறு காலேஜில் வாங்கிய மோசமான கிரேடு: அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் சொல்லியே ஆக வேண்டுமா?

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பதினோரு வருடம் ஆலோசகராக இருந்தேன். கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றதும் வந்து குவிந்தவற்றில் பாதி இந்த ஒரே விஷயம்தான், கேட்கும் விதம்தான் வேறு வேறு. எனவே இந்தத் தடவை இது மட்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எம்டி படிப்புக்கு (இங்கே டாக்டர் ஆவதற்கான முதல் பட்டமே இதுதான்) நாடு முழுக்க விண்ணப்பம் வாங்குவது ஆம்காஸ், டிஓ படிப்புக்கு (ஆஸ்டியோபதி வழி, இதுவும் டாக்டர் பட்டம்தான்) ஆக்கோமாஸ், டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்குத் தனியாக டிஎம்டிஎஸ்ஏஎஸ். கீழே பெரும்பாலும் ஆம்காஸைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கேள்வி: அக்கா, ஸ்கூல் முடித்ததும் ஒரு செமஸ்டர் கம்யூனிட்டி காலேஜ் போனேன். அப்போது மனசு சரியில்லை. கெமிஸ்ட்ரியில் டி, கால்குலஸில் எஃப், பயாலஜியில் சி. அப்புறம் ஒரு வருடம் கழித்து யூனிவர்சிட்டியில் புதிதாகச் சேர்ந்தேன், அந்த கிரெடிட் எதையும் இங்கே மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது ஜிபிஏ (நாலுக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 3.8. அந்த செமஸ்டரையும் போட வேண்டுமா?

போட வேண்டும் தம்பி. கிரெடிட்டை மாற்றினாயா, டிகிரியில் சேர்ந்ததா, பாஸா பெயிலா என்பதெல்லாம் ஆம்காஸுக்குப் பொருட்டே இல்லை. ஸ்கூலுக்குப் பிறகு அமெரிக்காவிலோ கனடாவிலோ எந்தக் காலேஜில் ஒரு நாள் பெயர் பதிந்திருந்தாலும் அதன் பெயர் விண்ணப்பத்தில் வர வேண்டும், ஒவ்வொரு பாடமும் கிரேடோடு வர வேண்டும், அந்தக் காலேஜிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) நேரடியாக ஆம்காஸுக்குப் போக வேண்டும்.

சரி, எவ்வளவு இடிக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பயத்தைவிடக் கணக்கு நல்லது. மூன்று பாடமும் நாலு நாலு கிரெடிட் என்று வைத்துக்கொள். ஒரு கிரெடிட்டுக்கு ஏ என்றால் 4 புள்ளி, பி 3, சி 2, டி 1. அப்படிப் பார்த்தால் உன் டிக்கு 4 புள்ளி, எஃபுக்கு சைபர், சிக்கு 8. பன்னிரண்டு கிரெடிட்டுக்கு 12 புள்ளி. யூனிவர்சிட்டியில் 120 கிரெடிட், 3.8 என்றால் 456 புள்ளி. மொத்தம் 468, அதை 132 கிரெடிட்டால் வகுத்தால் 3.55 வரும். இது பரவாயில்லை. வலி வேறு இடத்தில் இருக்கிறது. ஆம்காஸ் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் நான்கையும் சேர்த்து பிசிபிஎம் என்று ஒரு ஜிபிஏ தனியாகப் போடும், நீ சொன்ன மூன்றுமே அதற்குள்தான் விழும். அந்தப் பாடங்களில் இப்போது ஐம்பது கிரெடிட், அதே 3.8 என்றால் 190 புள்ளி, கூட 12, மொத்தம் 202. அதை 62-ஆல் வகுத்தால் 3.26. ஒரே ஒரு செமஸ்டர் அவ்வளவு இழுத்துவிடுகிறது. 2023-இல் எம்டியில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77, அதையும் தெரிந்து வைத்துக்கொள். ஆனால் ஆம்காஸ் ஜிபிஏவை வருடவாரியாகவும் பிரித்துக் காட்டும். படிக்கிறவர் கண்ணில் முதல் வரியின் பள்ளமும் படும், அதற்குக் கீழே வரிசையாக நிற்கும் 3.8-களும் படும். எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) நன்றாக எழுது, பட்டியலில் டிஓ கல்லூரிகளையும் சேர். இந்தக் கிரேடோடு உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: மேடம், என் மகள் ஹைஸ்கூல் படிக்கும்போதே பக்கத்துக் காலேஜில் டூயல் என்ரோல்மென்ட் எடுத்தாள். பதினாறு வயது, சி வந்துவிட்டது. சின்னப் பிள்ளை எடுத்ததையுமா கணக்கில் சேர்ப்பார்கள்? நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அப்பா.

சேர்ப்பார்கள் சார். ஹைஸ்கூல் காலத்தில் எடுத்த காலேஜ் பாடம் என்று தனி வரியில் காட்டுவார்கள், மொத்த ஜிபிஏவிலும் அது உண்டு. நம் ஆட்கள் பலர் டூயல் என்ரோல்மென்ட்டை ஏதோ இலவச டியூஷன் மாதிரி நினைத்துப் பிள்ளையை ஐந்தாறு பாடத்தில் போட்டுவிடுகிறார்கள். ஸ்கூல் கிரேடு காலேஜ் சேர்ந்ததும் காணாமல் போகும், இது கூடவே வரும். ஒரு சியால் ஒன்றும் ஆகாது, அவளை அதற்காகத் திட்டாதீர்கள்.

கேள்வி: ஆர்கானிக் கெமிஸ்ட்ரி சி-மைனஸ். திரும்ப எடுத்து ஏ வாங்கினேன். எங்கள் காலேஜ் பழையதை ஜிபிஏவிலிருந்து எடுத்துவிட்டது. அப்படியானால் ஏ மட்டும் போட்டால் போதும்தானே?

போதாது. உங்கள் காலேஜ் மன்னித்தது உங்கள் காலேஜோடு சரி. ஆம்காஸ் இரண்டையும் எண்ணும். டிஓ பக்கம் முன்பு கடைசி கிரேடை மட்டும் எடுப்பார்கள், 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இதைத் தெரியாத அண்ணன்மார் இன்னும் பழைய அறிவுரையையே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டெக்சாஸில் மட்டும் ஒரு வழி உண்டு. 'அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று அந்த மாநிலச் சட்டம், பத்து வருடத்துக்கு மேல் பழைய பாடங்களை ஒதுக்கிவைக்கலாம். ஆனால் கெட்டதை விட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, அந்தக் காலத்து ஏ-க்களும் சேர்ந்தே போகும்.

கேள்வி: எல்லாமே டபிள்யூ, பாதியில் விலகிவிட்டேன். ஒரு கிரேடுகூட இல்லை. அதுவுமா?

அதுவும்தான். ஜிபிஏவில் ஒன்றும் குறையாது, ஆனால் காலேஜ் பெயரும் டபிள்யூக்களும் வர வேண்டும்.

கேள்வி: அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், அந்தக் காலேஜை எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? என் பையன் பெயில் ஆனதே சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

தப்பாக நினைக்கவில்லை அம்மா, தினம் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைத்தான் கேட்பார்கள். இங்கே நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்று ஒன்று இருக்கிறது. நாட்டின் பெரும்பாலான காலேஜ்கள் யார் எந்த செமஸ்டரில் பெயர் பதிந்தார்கள் என்ற விவரத்தை அங்கே அனுப்புகின்றன, காலேஜ் நிர்வாகங்கள் அதில் தேட முடியும். அரசு கல்விக் கடன் வாங்கியிருந்தால் அந்தப் பதிவு தனி. சில சமயம் இப்போதைய யூனிவர்சிட்டியின் டிரான்ஸ்கிரிப்டிலேயே 'முன்பு படித்த இடம்' என்று ஒரு வரி இருக்கும், அதை மாணவர் கவனித்திருக்கவே மாட்டார்.

என்னிடம் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். நல்ல பையன், எம்கேட் அருமையான ஸ்கோர். இடம் கிடைத்து, அபார்ட்மென்ட்டுக்கு முன்பணம் கட்டி, வெள்ளைக் கோட்டுக்கு அளவும் கொடுத்துவிட்டான். வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது மெடிக்கல் ஸ்கூலிலிருந்து ஒரு மின்னஞ்சல்: நீங்கள் இந்தக் காலேஜில் இரண்டு கோடைப் பாடங்கள் எடுத்ததாகத் தெரிகிறது, விளக்கம் தரவும். அவன் மறைத்தது ஒரு சி, ஒரு சி-பிளஸ். சொல்லியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். என் அறையில் வந்து உட்கார்ந்தவன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை, பை பட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தான். இடம் போய்விட்டது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'எல்லாம் உண்மை, முழுமை' என்று உறுதி கொடுக்கிறோம். இடம் கொடுத்த பிறகும், படிக்கும்போதும்கூட அதை வைத்து வெளியே அனுப்ப முடியும். உங்கள் சொந்தக்காரர்களுக்கு நீங்கள் சொல்லவே வேண்டாம், ஆம்காஸுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இரண்டு வருடம் இன்ஜினியரிங் படித்தேன், ஏழு அரியர். பிறகு அமெரிக்கா வந்து முதலிலிருந்து பேச்சிலர்ஸ் முடித்தேன். அந்த அரியர் இங்கே வருமா?

உங்கள் நிலைமை கொஞ்சம் வேறு. அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே படித்ததற்கு ஆம்காஸ் டிரான்ஸ்கிரிப்ட் கேட்பதில்லை, ஜிபிஏவிலும் சேர்ப்பதில்லை. ஏழு அரியரும் உங்கள் நம்பரைத் தொடாது. ஆனால் காலேஜின் பெயரைப் படித்த இடங்களில் எழுதுங்கள். இங்கே வந்தபோது அங்கே பாஸான ஏதாவது பாடத்துக்கு உங்கள் அமெரிக்கக் காலேஜ் கிரெடிட் கொடுத்ததா என்று பாருங்கள், கொடுத்திருந்தால் அது இங்கத்திய டிரான்ஸ்கிரிப்டில் உட்கார்ந்திருக்கும், அதற்கான விதி தனி. இன்டர்வியூவில் 'ஏன் அந்த இரண்டு வருடம்' என்று கேட்டால், நம் ஊரில் பன்னிரண்டாவது முடித்தவனை வீட்டில் எப்படி இன்ஜினியரிங்கில் தள்ளுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், அப்பாவைக் குறை சொல்லாமல்.

கேள்வி: மோசமான அந்த செமஸ்டரில் என்னை அகாடமிக் ப்ரொபேஷனில், அதாவது படிப்பு சரியில்லை என்று கண்காணிப்பில், வைத்தார்கள். டிரான்ஸ்கிரிப்டில் அது இல்லை. அதையும் சொல்ல வேண்டுமா?

கிரேடைவிட இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'காலேஜ் உங்கள் மீது ஏதாவது நடவடிக்கை எடுத்ததா' என்று ஆம்காஸில் ஒரு கேள்வி வரும். ஒழுங்கு நடவடிக்கையை மட்டும்தான் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பலர் 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள். படிப்பு சரியில்லாததால் எடுத்த நடவடிக்கையும் அதில் அடக்கம், டிரான்ஸ்கிரிப்டில் தெரியாவிட்டாலும், படிப்பு நிற்காவிட்டாலும். காலேஜுக்குக் காலேஜ் 'எச்சரிக்கை', 'ப்ரொபேஷன்' என்று பெயர் மாறும், எனவே அந்தக் காலேஜின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு எழுதி, என் பதிவில் அப்படி நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிறது என்றால் 'ஆம்' போட்டு, கீழே கொடுத்திருக்கும் 1325 எழுத்துகளுக்குள் சொல்லுங்கள். கால்வாசி இடமே போதும்.

கேள்வி: விளக்கம் எப்படி எழுதுவது? நான் எழுதியதைப் படித்த அண்ணன் 'அழுகை சீரியல் மாதிரி இருக்கு' என்கிறான்.

அண்ணன் சரியாகத்தான் சொல்லியிருப்பார். நான் படித்த விளக்கங்களில் முக்கால்வாசி ஒரே அச்சு: பாட்டி இறந்தார், ரூம்மேட் சரியில்லை, புரொபசர் சரியில்லை, கடைசியில் 'இந்த அனுபவம் என்னைச் செதுக்கியது'. செதுக்கிய கதை வேண்டாம். என்ன நடந்தது, எப்போது, அதற்கு நான் என்ன செய்தேன், அதற்குப் பிறகு கிரேடு என்ன என்று நாலு வரி. உதாரணத்துக்கு: 'முதல் செமஸ்டரில் வாரம் முப்பத்தைந்து மணிநேரம் கடையில் வேலை பார்த்துக்கொண்டு நாலு பாடம் எடுத்தேன். இரண்டில் தோற்றேன். உதவி கேட்கவில்லை, அது என் தவறு. அடுத்த வருடம் வேலை நேரத்தைப் பன்னிரண்டாகக் குறைத்தேன், அதன் பிறகு எடுத்த அறிவியல் பாடங்களில் பிக்குக் கீழே போகவில்லை.' இவ்வளவுதான். படிக்கிறவர் அன்றைக்கு உங்களுக்கு முன்னால் இருபது ஃபைல் படித்திருப்பார், இந்த மாதிரி எழுதினால் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போவார், நமக்கு வேண்டியது அதுதான்.

எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். பர்சனல் ஸ்டேட்மென்ட்டுக்கு 5300 எழுத்து, அது ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்பதற்கு, அதில் பழைய டி-க்கு ஒரு பத்தி தானம் செய்யாதீர்கள். பல மெடிக்கல் ஸ்கூல்கள் அடுத்த கட்டமாக அனுப்பும் செகண்டரி விண்ணப்பத்தில் 'படிப்பில் சிரமம் இருந்ததா' என்றோ, 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா' என்றோ கேட்பார்கள், அங்கே வையுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே சப்மிட் பண்ணிவிட்டேன். இப்போதுதான் ஞாபகம் வருகிறது, ஒரு கோடையில் வேறு காலேஜில் ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுத்து பெயில். தூக்கம் வரவில்லை.

சப்மிட் செய்த பிறகு காலேஜ்களையும் பாடங்களையும் நீங்களாகத் திருத்த முடியாது. நாளைக் காலையில் ஆம்காஸுக்குப் போன் செய்து விட்டுப்போனதைச் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள், விண்ணப்பித்த மெடிக்கல் ஸ்கூல்களுக்கும் சுருக்கமாக ஒரு கடிதம். எதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக வந்து சொன்னதற்கும் அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தாமதமாகலாம், கேள்வி வரலாம், அது தாங்கக்கூடியது.

கேள்வி: பழைய கம்யூனிட்டி காலேஜில் கட்டணப் பாக்கி. டிரான்ஸ்கிரிப்ட் தர மாட்டேன் என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் எந்த மாநிலம் என்று பாருங்கள். கலிபோர்னியா, நியூயார்க் மாதிரிச் சில மாநிலங்களில் பாக்கிக்காக டிரான்ஸ்கிரிப்டைப் பிடித்து வைப்பது சட்டப்படி முடியாது. மற்ற இடங்களில் தவணை கேட்டுப் பேசிப் பாருங்கள், பாக்கி பெரும்பாலும் நீங்கள் பயப்படுகிற அளவு இருக்காது. இதை ஜனவரியிலேயே தொடங்குங்கள். விண்ணப்பம் மே மாதம் திறக்கும், ஜூன், ஜூலைக் கூட்டத்தில் ஆம்காஸ் சரிபார்க்கவே ஆறு வாரம்வரை ஆகும், ஒரு டிரான்ஸ்கிரிப்ட் வராவிட்டால் உங்கள் ஃபைல் அந்த வரிசைக்கே போகாது.

டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது உங்களுக்கென்று ஒரு பிரதியும் வாங்கிவிடுங்கள். ஞாபகத்திலிருந்து பாடங்களைத் தட்டாதீர்கள். 'பயாலஜி, 4 கிரெடிட்' என்று ஒரு பெண் போட்டாள், டிரான்ஸ்கிரிப்டில் அது வகுப்பு 3, லேப் 1 என்று இரண்டு வரியாக இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய மாணவர் எண் மறந்துவிட்டதே என்று சிலர் இதையே காரணமாக வைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பிறந்த தேதியும் படித்த வருடமும், அப்போது வேறு பெயரில் இருந்தால் அந்தப் பெயரும் சொன்னால் தேடி எடுத்துக் கொடுப்பார்கள்.