வேகம் இருந்தும் வீடியோ கால் ஏன் திக்குகிறது?

இணையம்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட்டில் 90-க்கு மேல் காட்டுகிறது. ஆனாலும் சிங்கப்பூரில் இருக்கும் மகளுடன் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் பேசினால், மாலை நேரத்தில் படம் உறைந்து, குரல் விட்டுவிட்டு வருகிறது. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறலாமா?
– வாசகி, கும்பகோணம்

அவசரப்பட்டு மாறாதீர்கள். வீடியோ காலுக்கு ஓரிரு எம்பிபிஎஸ் போதும். அது தடையில்லாமல், தாமதமில்லாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான். உங்கள் குரல் பெரும்பாலும் 20 மில்லிநொடித் துணுக்குகளாகப் போகிறது. ஒரு துணுக்கு தாமதமாக வந்து சேர்ந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதைத் தவிர வழியில்லை. சினிமா பார்க்கும்போது முன்கூட்டியே சேமித்து வைத்துச் சமாளிக்கலாம். பேச்சில் அது முடியாது.

முதலில் ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குறை வைஃபையில். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் நெரிசல் போடும். அதன் உட்பிரிவுகளான சேனல்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மூன்றுதான். வைஃபை அனலைசர் மாதிரி ஒரு செயலியில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து, ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து, 'ஆட்டோ' என்பதை எடுத்துவிட்டு அந்த எண்ணை வையுங்கள். அந்தப் பக்கத்தின் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), கடவுச்சொல் இரண்டும் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். ரௌட்டரை டிவி அலமாரிக்குள்ளோ இரும்பு பீரோவின் மேலோ வைத்திருந்தால் அதையும் வெளியே எடுங்கள்.

ரௌட்டர் பக்கத்திலேயே திக்கினால், என் சந்தேகம் அப்லோடு மேல்தான். மாலையில் எல்லாரும் வீடு திரும்பியதும் ஒவ்வொரு போனும் வைஃபையைப் பிடித்து, அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கும். அப்லோடு பாதை நிரம்பி ரௌட்டரில் வரிசை நீளும். உங்கள் குரல் அதன் வாலில் நிற்கும். சோதிக்க வழி உண்டு. ஊக்லா ஸ்பீடு டெஸ்ட்டில் வேகத்தை விட்டுவிட்டு பிங் எண்களை (ஒரு துணுக்கு போய்த் திரும்ப ஆகும் மில்லிநொடிகள்) பாருங்கள். சும்மா இருக்கும்போது ஒன்று, டவுன்லோடின்போது ஒன்று, அப்லோடின்போது ஒன்று என்று மூன்று காட்டும். முதலாவது 10, கடைசி 200 என்றால் காரணம் அகப்பட்டது. பேசும் நேரத்தில் எல்லா போன்களிலும் போட்டோஸ் செட்டிங்ஸில் 'பேக்கப்'பை அணைத்து வையுங்கள். ரௌட்டரில் 'கியூஓஎஸ்' (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) இருந்தால் அப்லோடை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள்; வரிசை சேராது.

கல்யாணப் படங்களை உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஸ்டுடியோவில் 8×12 அங்குலத்துக்குப் பிரின்ட் போட்டால் மங்கலாக வருகிறது.
– வாசகர், மதுரை

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 8×12-க்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2400×3600 வேண்டும். 'எச்டி' பட்டனைத் தொட்டால் கொஞ்சம் தேறும், ஆனாலும் அசல் இல்லை. அனுப்புபவர் இணைப்புக் குறியைத் தொட்டு 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பினால் அசல் கோப்பே வரும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகலாம். ஒன்று கவனியுங்கள்: அப்படிப் போகும் படத்தில், எடுத்த இடத்தின் இருப்பிட விவரமும் ஒட்டிக்கொண்டு போகும். வீட்டில் எடுத்த குழந்தைகள் படத்தை முன்பின் தெரியாதவர்கள் உள்ள குழுவில் இந்த வழியில் போடாதீர்கள்.

கூகுளில் 15 ஜிபி நிரம்பிவிட்டது என்கிறது. போனில் படங்களை அழித்தால் கூகுளிலும் போய்விடுமா?
– வாசகி, ஈரோடு

எப்படி அழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போட்டோஸ் செயலிக்குள் குப்பைத் தொட்டிக் குறியை அழுத்தினால் இரண்டு இடத்திலும் போகும். 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் போனில் மட்டும் போகும். ஆனால் கூகுளின் 15 ஜிபி குறையாது. தவறி அழித்திருந்தால், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் 'டிராஷ்' பகுதியில் இருக்கும்.

அந்த 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். 2021 ஜூன் 1 முதல் ஏற்றிய படங்கள் கணக்கில் வரும். அதற்கு முன் 'ஹை குவாலிட்டி'யில் ஏற்றியவை சேராது. ஆகவே அப்படி ஏற்றிய பழைய படங்களை அழித்துப் பயனில்லை. 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போய்ப் பெரிய வீடியோக்களை முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதே இடத்தைத்தான் தின்கிறது. அதில் 'வீடியோக்களையும் சேர்' என்பதை அணைத்தாலே பலருக்குப் பிரச்சினை தீரும்.

ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிகிறது. ரீசெட் செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்; ரீசெட் செய்தால் இருக்கும் செட்டிங்ஸும் போகும். மெல்லிய ஒயர் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, நிமிர்த்தி விடுங்கள். ஒயர் முனையிலுள்ள பச்சைத் தலையைக் கழற்றி விரலால் துடைக்கக் கூடாது, முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரைக்குக் கேடு. விளக்கு அணையாவிட்டால் புகார் எண்ணில் 'எல்ஓஎஸ் ரெட்' என்று சொல்லுங்கள், ஆளை நேரே லைனைப் பார்க்க அனுப்புவார்கள்.