நொண்டலுக்குக் காரணம் நரம்புக் கட்டி: காலை எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது. பல மாதங்களாக இடது முன்னங்காலை நொண்டுகிறான். எக்ஸ்ரேயில் எலும்பும் மூட்டும் நன்றாக இருக்கின்றன. வலி மாத்திரைக்கும் குறையவில்லை. தோள் சதை வற்றிவிட்டது. இப்போது எம்ஆர்ஐ பார்த்து, அக்குள் நரம்பில் கட்டி, காலோடு எடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? - ஒரு வாசகி

பதில்: சில நாய்களுக்கு முடியும். உங்கள் நாய்க்கு முடியுமா என்பது கட்டி எதுவரை போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் அக்குளில் பின்னிக்கொண்டு, அப்புறம் காலுக்குப் பிரிகின்றன. நரம்பின் உறையில் முளைக்கும் கட்டி அந்த நரம்பை ஒட்டியே மேலும் கீழும் ஊர்ந்து வளரும். கண்ணுக்குத் தெரியும் உருண்டையை மட்டும் வெட்டினால், தெரியாத மிச்சம் அதே இடத்தில் மறுபடி வளரும். நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு. அதே இடத்தில் திரும்பி வருவதுதான் பெரிய தொல்லை. அதனால்தான் காலோடு எடுக்கச் சொல்கிறார்கள்.

கட்டி முதுகெலும்பிலிருந்து தள்ளி, ஓரிரு நரம்புகளோடு நின்றிருந்தால், அந்த நரம்புப் பகுதியை வெட்டியெடுத்துக் காலைக் காப்பாற்றலாம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 16 நாய்களுக்கு இப்படிச் செய்தார்கள். வெட்டிய விளிம்பில் கட்டி மிஞ்சாத நாய்கள், மிஞ்சியவற்றைவிட நெடுநாள் வாழ்ந்தன. ஆகவே விளிம்பு சுத்தமாக வருமா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். அறுவை மருத்துவரிடம் இதை நேராகக் கேளுங்கள். நரம்பு வேர் வரை போயிருந்தால் முதுகெலும்பின் ஒரு பக்கத்தைத் திறந்து வேரோடு வெட்ட வேண்டிவரும். இடது கண்ணின் பாவை மட்டும் சுருங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது கட்டி வேருக்கு அருகில் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

காலை இழப்பதை நினைத்து மனம் பதறுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் ஏற்கெனவே அந்தக் காலில் பாரம் போடாமல்தான் நடக்கிறான். நரம்பு வலி கடுமையானது. அது போனதும் முகம் தெளிந்து ஓடிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன். மற்ற மூன்று கால்களும் இடுப்பும் நன்றாக இருக்கின்றனவா என்று முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். எடையையும் குறையுங்கள், லாப்ரடாருக்கு இது மிக முக்கியம்.

எடுத்த கட்டியை நுண்ணோக்கிப் பரிசோதனைக்குக் கட்டாயம் அனுப்பச் சொல்லுங்கள். விளிம்பில் மிச்சம் இருந்தால் கதிர்வீச்சு பற்றிப் பேசலாம். அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

இதற்கிடையே பின்னங்கால்கள் தள்ளாடினால், கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று சந்தேகித்து அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள்.